நாற்பத்தொரு சரிவுகள்

மாறன் கோபியிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டது ஓர் இடிக்காக. கோபியிடம் அதைச் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

"போன மாசமும் வயிறுதான்," என்றான் கோபி. "உனக்கு வேற உறுப்பே இல்லியாடா?"

செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கிப் போகும் விடுதி அது. பகலில் கோபி, இரவில் மாறன். மாலை ஆறுக்கு வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தால் காலை ஆறுக்கு எழுந்திருப்பான். நடுவில் யாராவது வெந்நீர் வரவில்லை என்பார்கள், யாராவது தியானத்தில் தனக்கு வந்த அழுகையைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வான். இரண்டு வருஷமாக இதுதான் வேலை. அதற்கு முன் நாலு வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்வளிமண்டலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். நாலு வருஷத்தில் உருப்படியாக ஒரு வரைபடம் வரவில்லை. வழிகாட்டி பேசுவதை நிறுத்தினார். இவன் போவதை நிறுத்தினான். அவ்வளவுதான் கதை, அதில் வில்லன் யாரும் கிடையாது.

அன்று மதியமே ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. செயற்கைக்கோள் படத்தில் அது வெள்ளையாக வீங்கி, திருவண்ணாமலையை நோக்கி நகர்ந்தது. மாறன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குத் திரும்பினான். அக்கா வீட்டு மாடியில்தான் அவனுடைய பெட்டி இருந்தது.

பெட்டியின் விஷயம் இதுதான். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கடற்படைக்கு ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது, நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கு. அதிலிருந்து கிளம்பும் அலை, கீழே தரைக்கும் மேலே எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்தில் மின்னேறிக் கிடக்கும் காற்றுக்கும் நடுவே, குழாய்க்குள் தண்ணீர் போவதுபோல வெகுதூரம் போகும். மேலே அந்தக் காற்று கொஞ்சம் மாறினாலும் இங்கே வந்து சேரும் அலையின் பலம் மாறிவிடும். இடி மேகம் கீழே செய்வதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். மேகத்துக்கு மேலேயும் அது கைவைக்கிறது, அந்த மேல்காற்றின் மின்தன்மையைக் கலைத்துவிடுகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தெற்கிலிருந்து வரும் அலையை விடாமல் பிடித்துப் பதிந்துகொண்டிருந்தால், இடி இடிக்கும்போது அது இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

மாறன் அதைத்தான் செய்தான். மாடியில் ஆளுயர மரச்சட்டத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுக்குத் தாமிரக் கம்பி சுற்றி நிறுத்தினான். மாடியறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் தானே பற்றவைத்த, அலையின் பலத்தைக் கூட்டும் பெருக்கி. பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப். கரண்ட் போனால் ஓடுவதற்கு, மாமா வேடியப்பனின் ஆட்டோவிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு பேட்டரி. விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்மணி ஒருநாள் கிரிவலம் போனபோது கீழேயிருந்து அந்தச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, மலையின் சக்தியைச் சேமிக்கும் யந்திரமா என்று அவனிடமே வந்து கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டான். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

இரண்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று இடிமழை. அதில் நாற்பத்தொன்றில் லேப்டாப் வரைந்த கோடு இறங்கியது. இடி ஆரம்பித்த சில நிமிஷங்களில் அலையின் பலம் சரியத் தொடங்கும், மழை ஓய்ந்த பிறகு மெதுவாக ஏறிப் பழைய இடத்துக்கு வரும். அழகான சரிவு. நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் வராதது, அக்கா வீட்டு மாடியில், அவன் விடுதியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

அந்த வரைபடங்களை பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினான். அங்கே இதே வேலையைச் செய்யும் முனைவர் மதிவதனி மூன்று நாளில் பதில் எழுதினார். பதினாலாம் தேதி நேரில் வா, எல்லாப் பதிவுகளையும் கொண்டு வா, இது நிஜமென்றால் எங்கள் திட்டத்தில் உனக்கு இடம் உண்டு, விட்ட முனைவர் பட்டத்தையும் இங்கிருந்தே முடித்துவிடலாம். கடைசியில் ஒரு கேள்வி: மின்சாரம் தடைப்பட்ட நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறாயா? மாறன் உடனே பதில் போட்டான். பேட்டரி இருக்கிறது, அதனால் பாதிப்பில்லை. பேட்டரியில் ஓடும்போது என்ன ஆகிறது என்று அவன் ஒருநாளும் சோதித்ததில்லை. அதை எழுதவில்லை.

இன்று எட்டாம் தேதி. பெங்களூர் போவதற்கு முன் ஒரு சரிவையாவது கண்ணெதிரே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இவ்வளவு நாளும் மறுநாள் காலையில் பிணப்பரிசோதனை செய்வதுபோலத்தான் பார்த்திருந்தான். வார லீவில் வீட்டில் இருந்தபோது ஓரிரண்டு இடிமழை வந்ததுண்டு. அப்போது கீழே படுத்துத் தூங்கினான். கரண்ட் போகும், வியர்க்கும், புரண்டு படுப்பான். இடி இடித்தால் கரண்ட் போகும். இந்த ஊரில் பிறந்த யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

வீட்டின் முன்பக்கம் அக்கா ரேணுகாம்பாளின் கடை. கிரிவலம் வருகிறவர்களுக்கு டீ, சோடா, மோர், தண்ணீர் பாட்டில். அவன் சைக்கிளை நிறுத்தும்போது ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா, வேலைக்குப் போவல?" என்றாள் அக்கா.

"லீவு."

"லீவு குடுத்தானா, தொரத்திட்டானா?"

"லீவுதான்க்கா."

"எங்க தம்பிங்க," என்று அவள் பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னாள். "இடியப் புடிச்சி ஆராய்ச்சி பண்றான். பெங்களூர்ல கூப்புட்டுகிறாங்க."

அந்தக் குடும்பத்துப் பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "புடிச்சி இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். அவன் மாடிக்கு ஏறிவிட்டான்.

ஆறரைக்கு மேற்கே வானம் கன்றிப்போயிருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு மின்னல் ஓடியது. மாறன் லேப்டாப்பின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணினான். பதினெட்டு வரை எண்ணியதும் இடி வந்தது. ஆறு கிலோமீட்டர். அடுத்தது பதினொன்றில். மூன்றாவது இடி ஜன்னல் கம்பியை அதிரவைத்தது, அதோடு மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. பெட்டி பேட்டரிக்கு மாறியது, அதன் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் தன் சொந்தத் தெம்பில் ஓடியது.

கோடு இறங்கியது.

அவன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று. மெதுவாக, படி இறங்குவதுபோல. நாற்பத்திரண்டாவது சரிவு. மாடியறை இருட்டில் அவன் தனியாகச் சிரித்தான். கடைசியாக எப்போது சிரித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. எண்பது கிலோமீட்டர் உயரத்தில், ஆளில்லாத இடத்தில், காற்று கலைகிறது. அது கலைவது இந்த ஊரில் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மழையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனான். கிரிவலப் பாதை நெடுக சோடியம் விளக்குகள் மழையில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. எதிர் வீட்டில் டியூப்லைட் எரிந்தது. பக்கத்து லாட்ஜில் பெயர்ப்பலகை மின்னிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடையில் எரிந்தது. ஊர் முழுக்க எரிந்தது. இவன் வீடு மட்டும் இருட்டு.

மாடியறைச் சுவிட்சை ஒருமுறை தட்டிப் பார்த்தான். பிறகு இறங்கினான்.

பக்கச் சுவரில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். கையில் டார்ச்.

"கரண்ட் போச்சாக்கா?"

"போவல. நாந்தான் அமுத்துனேன்."

"எதுக்கு?"

"இன்னாடா எதுக்கு? இடி இடிக்குதே, காது கேக்கல?"

"டிவி பிளக்கப் புடுங்கினா போதாதா? எல்லாரும் அதானே பண்றாங்க? மெயின எதுக்கு அமுத்துற?"

"அன்னிக்கும் டிவி பிளக்கத்தான் புடுங்கினேன். ஃபிரிட்ஜ மறந்துட்டேன். பொகஞ்சி போச்சி. நீ அப்ப ஆஸ்டல்ல இருந்த, உனக்கு இன்னா தெரியும்? அதுலருந்து மெயினுதான். ஒரே அமுத்து."

அவனுக்கும் தெரிந்த கதைதான். அந்த ஃபிரிட்ஜ் வெந்துபோன கதையை அக்கா போனில் மூன்று முறை சொல்லியிருந்தாள். அவன் மூன்று முறையும் ம் போட்டிருந்தான்.

"எல்லா இடிக்கும் அமுத்துவியா?"

"பின்ன, நல்ல இடி கெட்ட இடின்னு பாத்தா அமுத்துவாங்க? கிட்ட வந்தா அமுத்துவேன். ஓய்ஞ்சா போடுவேன்."

"தொடாதன்னு சொன்னேனேக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உன் பெட்டிய நான் தொட்டேனா? சொல்லு. தூசி தட்டக்கூட மேல ஏறலடா ரெண்டு வருஷமா. அதுல இருக்கிற சுச்ச நான் கண்ணால பாத்தது கெடயாது. உன்னுது எரிஞ்சி போயிடக் கூடாதேன்னுதான் கடையில ஆள நிக்க வெச்சிட்டு, இந்த மழையில நனஞ்சிகினு ஓடியாந்து அமுத்தறேன். ஒரு நாளு விட்டதில்ல. ஃபிரிட்ஜு போனா வேற வாங்கலாம். உன் மிஷினுக்கு நான் எங்க போவேன்?"

மாறன் மீட்டர் பெட்டியின் மூடியைச் சாத்தினான். சொல்வதற்கு இருந்ததெல்லாம் அவளுக்குப் புரியாது என்பதில்லை, நன்றாகவே புரிந்துவிடும். அதுதான் சங்கடம்.

"ஏன்டா, தப்பாப் போச்சா?"

"இல்லக்கா. உள்ள போ, நனையாத."

மறுநாள் மதியம் வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. மலைப் பாறை அனலடித்தது. மாறன் தானே போய் மெயினை இறக்கினான். மாடிக்கு வந்து லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான்.

"ஏ மாறா! இடியே இல்ல, இன்னாத்துக்குடா அமுத்துன?" கீழேயிருந்து அக்காவின் குரல்.

"சும்மா. பத்து நிமிஷம்."

"ஐஸ் உருகுதுடா! மோரு ஜாஸ்தி போட்டு வெச்சிகிறேன், கெட்டுப் போயிடும்!"

பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. கிழட்டு பேட்டரி. அதிலிருந்து பெருக்கிக்குப் போகும் அழுத்தம் கம்மியாகக் கம்மியாக, பெருக்கியின் கையும் தளர்ந்தது. கோடு இறங்கியது, நேற்று இறங்கியதைப் போலவே, மெதுவாக, படிப்படியாக. மெயினைப் போட்டான். பேட்டரி சார்ஜ் ஏற ஏற, கோடும் ஏறியது. நாற்பத்தொரு சரிவுகளையும் எடுத்து அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எல்லாம் பொருந்தின. ஒரே ஆளின் கைரேகையைப் போல.

பிறகு, கோடு இறங்காத அந்த இரண்டு இடிமழைகளின் தேதியை எடுத்தான். அவற்றுக்கு நேரே, வலுவில்லாத மேகம் என்று அவனே எழுதி வைத்திருந்தான். செல்போனில் அந்தத் தேதிப் படங்களைத் தேடினான். ஒன்றில் அக்காவும் மாமாவும் மேல்மலையனூரில், அமாவாசைக் கூட்டத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு. இன்னொன்றில் போளூரில், நாத்தனார் பேத்தியின் காதுகுத்தில். அந்த இரண்டு நாளும் மெயினை அமுத்த வீட்டில் ஆள் இல்லை. வானம் என்ன செய்ததோ, கோடு நேராகப் போயிருந்தது.

இடியே இல்லாத நாட்களிலும் ஏழு சரிவுகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் தூரத்து இடியாக இருக்கலாம் என்று குறிப்பு. அதுவும் அவன் கையெழுத்துதான். மின்வாரியத்து ஆள் கம்பத்தில் ஏறிய நாளாக இருக்கும்.

நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது மிச்சமிருந்த ஒரே பொந்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மாறனுக்கும் அப்படி ஒரு பொந்து இருந்தது. மின்னல் மேல்காற்றில் உண்டாக்கும் நிஜமான மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும் என்று அவன் படித்திருக்கிறான். அந்தச் சின்னக் குத்தல்கள் பதிவில் எங்காவது இருக்கலாம். தேடப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று, நிமிஷத்துக்கு ஒரு சராசரியை எடுத்துக்கொண்டு மூலப் பதிவுகளை வாரா வாரம் அழித்துவிட்டிருந்தான். சின்னக் குத்தல்கள் வந்திருந்தாலும் சராசரியில் கரைந்திருக்கும். வானம் ஏதாவது சொல்லியிருந்தால், அதை அழித்துவிட்டு அக்காவின் கையை இரண்டு வருஷம் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருந்தான்.

மாலை ஆறுக்கு விடுதிக்குப் போனான். கோபி சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்ப நின்றான்.

"மூஞ்சி இன்னா இப்படிக் கீது? வயிறு நெசமாவே போச்சா?"

மாறன் சொன்னான். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இருந்தது. கோபி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சோபாவில் கண்மூடி உட்கார்ந்திருந்த ஒரு ஜெர்மன்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"உங்க அக்கா ஆகாசத்தையே ஆஃப் பண்ணிட்டாடா!"

"சிரிச்சி முடிச்சியா?"

"இருடா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, பெங்களூர்ல கீற அந்தம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?"

"தெரியாது. பதிவுல சரிவு மட்டும்தான் இருக்குது. எதுனால சரிஞ்சுதுன்னு இல்ல."

"அப்பறம் இன்னா? பொத்திகினு பெங்களூர் போ. சேந்துடு. அங்க நல்ல மிஷினா வெச்சி நெசமாப் புடி. நீ இன்னா கொலையா பண்ணிட்ட?"

"மின்சாரத்தப் பத்தி அவங்க கேட்டாங்க. பாதிப்பில்லன்னு எழுதிட்டேன்."

"இன்னொரு வாட்டி கேட்டா இன்னொரு வாட்டி எழுது. இந்த மேஜையிலயே சாவணும்னு வேண்டுதலா உனக்கு?"

கோபி சொன்னது தவறு என்று மாறனுக்குத் தோன்றவில்லை. அன்று இரவு முழுக்க அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பதினாலாம் தேதி அந்த அறையில் உட்கார்ந்து நாற்பத்தொரு சரிவுகளையும் காட்டலாம். அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அவர்களுடைய நல்ல கருவியை இதே ஊரில் வைப்பார்கள். முதல் இடிமழையில் கோடு நேராகப் போகும். இரண்டாவதிலும். மூன்றாவதில் மதிவதனி அவனைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். பழைய வழிகாட்டி ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் பார்த்தார். அதை இன்னொரு தடவை தாங்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை. மற்றபடி அவன் ஒன்றும் அரிச்சந்திரன் கிடையாது.

விடிந்து வேலை முடிந்ததும் மேஜையிலிருந்தே எழுதினான். சரிவுகள் வானத்தால் வந்தவை அல்ல. இடி இடித்தபோதெல்லாம் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள், பேட்டரி பலவீனமானது, நான் சோதிக்காமலே பாதிப்பில்லை என்று எழுதினேன், மூலப் பதிவுகளும் என்னிடம் இல்லை. அக்கா என்ற சொல்லை எழுதவில்லை. வீட்டில் என்று பொதுவாகப் போட்டான்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. நல்ல பதில்தான். சொன்னதற்கு நன்றி. நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று என்றபோதே எனக்குச் சந்தேகம் இருந்தது, இயற்கை அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. பதினாலாம் தேதி வர வேண்டியதில்லை. மூலப் பதிவுகளை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள்.

வாழ்த்துகள் என்ற சொல்லை அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய்த் தூங்கினான்.

பதினாலாம் தேதி அவனுக்கு வார லீவு. பெங்களூர் விஷயம் தள்ளிப்போயிருக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். எத்தனை நாள் என்று கேட்டாள். தெரியாது என்றான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் தம்பியைப் பற்றிச் சொல்வது நின்றிருந்தது. தெரிந்துதான் நிறுத்தினாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற கருவியும் அவனிடம் இல்லை.

அன்று காலை மாமா ஆட்டோவுக்கு அவசரமாக ஒரு பேட்டரி வேண்டுமென்றார். மாறன் மாடிக்குப் போய்ப் பெட்டியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தான். "இது தேறாதுடா," என்று மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். அதைத் திரும்ப மேலே கொண்டுபோக அவனுக்குத் தோன்றவில்லை. பெட்டி இப்போது வீட்டுக் கரண்டில் மட்டும் ஓடியது. நிறுத்துவதற்கும் ஒரு முடிவெடுக்க வேண்டும், அதை இன்னும் எடுக்கவில்லை, அதனால் ஓடியது.

மாலையில் மலைக்குப் பின்னால் இருண்டு வந்தது. கடையில் கூட்டம். அக்கா இரண்டு அடுப்பிலும் பால் வைத்திருந்தாள், மாறன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். மின்னல் வெட்டியது. பழக்கதோஷத்தில் எண்ணினான். ஒன்பது. மேகத்துக்கு மேலே அது அந்த நேரத்தில் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அடுத்த இடி தலைக்கு நேரே இடித்தது, பெஞ்சில் இருந்த குழந்தை அலறியது.

"மாறா, மெயினு!" என்று அக்கா கத்தினாள். "பால் பொங்குது, நான் வர முடியாது. ஓடு!"

கையைத் துடைத்துக்கொண்டு பக்கச் சுவருக்குப் போனான். மழை அதற்குள் பிடித்துக்கொண்டது. பிடியைப் பற்றிக் கீழே இறக்கினான். கடை இருண்டது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. மாடி ஜன்னலில் தெரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை வெளிச்சமும் போனது. நனைந்தபடி திரும்பி வந்து டம்ளர் வாளியின் முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னாம்மா, கரண்ட் போச்சா?" என்று இருட்டில் யாரோ கேட்டார்கள்.

"ஆமாங்க, போச்சி," என்றாள் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. "இடி இடிச்சா இங்க அப்படித்தான்."